பிகாஸோவும் நான்காம் பரிமாணமும்: ஒரு திருத்தம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேசும்போது, கைத்தட்டல் விழும் என்று தெரிந்தே ஒரு வரியைச் சொன்னேன். "1905-ல் ஐன்ஸ்டைன் காலத்தை நான்காவது பரிமாணம் ஆக்கினார், இரண்டே வருஷத்தில் பிகாஸோ அதை வரைந்துவிட்டார்." கைத்தட்டல் விழுந்தது. வரிதான் தப்பு.

ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் தப்பு. யாரும் எழுந்து கேட்கவில்லை என்பதால் நானும் அதை வேறு இரண்டு இடங்களில் சொல்லித் திரிந்தேன். பிறகு கியூபிஸம் பற்றிக் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் என் வரி எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது. ஓட்டையை அடைக்கும் முயற்சி இது.

முதல் தப்பு. 1905-ல் ஐன்ஸ்டைன் எழுதிய சார்பியல் கட்டுரையில் நான்காம் பரிமாணம் என்று எதுவும் இல்லை. காலத்தையும் வெளியையும் ஒரே நாற்பரிமாணப் பரப்பாகக் கட்டியவர் ஐன்ஸ்டைனுக்கு ஒருகாலத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. 1908 செப்டம்பரில், கொலோன் நகரத்தில், ஒரு சொற்பொழிவில். பிகாஸோவின் 'அவிஞோன் பெண்கள்' ஓவியம் 1907.

இரண்டாவது தப்பு. இயற்பியல் வட்டத்துக்கு வெளியே சார்பியலை அந்த வருஷங்களில் யாருக்கும் தெரியாது. 1919 மே மாத சூரிய கிரகணத்தில் நட்சத்திர ஒளி வளைவதை அளந்து, நவம்பரில் அறிவித்து, செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்ட பிறகுதான் ஐன்ஸ்டைன் ஊரறிந்த பெயர் ஆனார். அதற்குள் கியூபிஸத்தின் நல்ல காலம் முடிந்து, நடுவில் ஒரு உலகப்போரும் முடிந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டது பிற்பாடு வந்தவர்கள். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஸீக்ஃப்ரீட் கீடியன் 1941-ல் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகம் இதில் பெரும்பங்கு வகித்தது. 1946-ல் பால் லபோர்த் என்ற கலை வரலாற்றாசிரியர் 'கியூபிஸமும் சார்பியலும்' என்ற தன் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார். இந்தப் புதிய கலைமொழிக்கும் என் கோட்பாட்டுக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதிவிட்டார். மரியாதையாகத்தான்.

மூன்றாவது தப்புதான் சுவாரஸ்யமானது. கியூபிஸ்ட்டுகள் நான்காம் பரிமாணத்தைப் பற்றி உண்மையிலேயே பேசினார்கள். ஓயாமல் பேசினார்கள். ஆனால் அவர்கள் சொன்ன நான்காம் பரிமாணம் காலம் இல்லை.

பின்னே என்ன?

வீட்டில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஓரங்களைப் பிரித்து மேஜைமேல் விரித்தால் சிலுவை மாதிரி ஆறு சதுரங்கள் கிடைக்கும். மேஜைமேல் வாழும் ஒரு தட்டை எறும்புக்கு (உயரம் என்றால் என்னவென்றே தெரியாத எறும்பு) அந்த ஆறு சதுரங்களும் புரியும். "இவற்றை மடித்தால் ஒரு பெட்டி வரும்" என்று நாம் சொன்னால் மட்டும் புரியாது. எந்தப் பக்கம் மடிப்பது? அதன் உலகத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லையே.

இதே கணக்கை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு கோட்டுக்கு முனைகள் 2. சதுரத்துக்கு 4. கனசதுரத்துக்கு 8. அடுத்தது 16 ஆகத்தானே இருக்கவேண்டும்? சதுரத்தைச் சுற்றி 4 கோடுகள், கனசதுரத்தைச் சுற்றி 6 சதுரங்கள், அடுத்ததைச் சுற்றி 8 கனசதுரங்கள். அந்த எட்டுப் பெட்டிகளையும் நமக்குத் தெரியாத ஒரு திசையில் மடித்தால் கிடைக்கும் வஸ்துவுக்குப் பெயர் டெஸராக்ட். படம் போட முடியாவிட்டாலும் அதன் முனை, விளிம்பு, முகம் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதைகள் இதை எப்போதோ எண்ணி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு நான்காவது பரிமாணம் என்பது இன்னொரு நீளம், அவ்வளவுதான். மற்ற மூன்றுக்கும் செங்குத்தாக நிற்கும் நீளம்.

டெஸராக்ட் என்ற சொல்லை 1888-ல் அச்சில் ஏற்றியவர் சார்ல்ஸ் ஹவர்ட் ஹிண்டன் என்ற ஆங்கிலேயர். இவரைப் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. தர்க்கத்தை அல்ஜீப்ரா ஆக்கிய ஜார்ஜ் பூலின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டவர். கூடவே வேறு பெயரில் இன்னொரு பெண்ணையும் கட்டிக்கொண்டு 1886-ல் மாட்டிக்கொண்டார். வேலை போய், ஜப்பானுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது பேஸ்பால் பந்தை வெடிமருந்து வைத்து எறியும் ஒரு துப்பாக்கி செய்தார். இவ்வளவுக்கும் நடுவில் வண்ணம் பூசிய சிறு கட்டைகளை வைத்துப் பயிற்சி செய்தால் நான்காம் பரிமாணத்தை மனக்கண்ணால் பார்த்துவிடலாம் என்று உறுதியாக நம்பினார். அந்தக் கட்டைகளை வைத்து விளையாடிய அவருடைய மைத்துனி அலிஸியா, முறையாகக் கணிதம் படிக்காமலேயே நாற்பரிமாண வடிவங்களின் வெட்டுமுகங்களைக் கண்டுபிடித்துப் பிற்பாடு கௌரவ டாக்டர் பட்டம் வாங்கினார். ஆக, கட்டைகள் முழுக்க வீணில்லை.

இன்னொரு பக்கம் ஆவி ஆசாமிகள். லைப்ஸிக் நகரத்து வானியற்பியல் பேராசிரியர் ஸோல்னர், 1877-ல் ஒரு அமெரிக்க மீடியத்தைக் கூப்பிட்டு, இரண்டு முனையும் அரக்கு முத்திரை வைத்த கயிற்றில் முடிச்சுப்போடச் சொன்னார். முடிச்சு விழுந்ததாம். நான்காம் பரிமாணத்தில் வாழும் ஆவிகள் அந்தப் பக்கமாகக் கயிற்றை எடுத்துப் போட்ட முடிச்சு என்றார் பேராசிரியர். நாலு பரிமாணம் இருந்தால் அப்படி முடிச்சுப்போட முடியும் என்ற கணக்கு என்னவோ சரிதான். மீடியம்தான் சரியில்லை.

1884-ல் அப்பாட் எழுதிய 'ஃப்ளாட்லாண்ட்' கதை, ஆவி, ஹிண்டன், எச்.ஜி. வெல்ஸ் என்று எல்லாம் கலந்து 1900 வாக்கில் நான்காம் பரிமாணம் என்பது ஐரோப்பாவில் காபிக்கடைப் பேச்சு ஆகியிருந்தது. வெல்ஸ் தன் 1895 நாவலில் காலத்தையே நான்காம் பரிமாணமாக வைத்தார் என்பது வாஸ்தவம். காலத்தை அப்படி எண்ணலாம் என்ற யோசனை 1754-லேயே தலாம்பேர் எழுதிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் பேச்சில் அது வெளிதான், இடம்தான். நாம் காணாத ஒரு இடம்.

பாரிஸ் ஓவியர்களிடம் இது எப்படி வந்தது? இங்கே இரண்டு புத்தகங்களும் ஒரு மனிதரும் வருகிறார்கள்.

முதல் புத்தகம், 1902-ல் ஹென்றி புவான்கரே எழுதிய 'அறிவியலும் கருதுகோளும்'. பெரிய கணித மேதை, பொதுவாசகர்களுக்காக எழுதியது, நன்றாக விற்றது. அதில் வெளியைப் பற்றிய ஒரு அத்தியாயத்தில் அவர் கேட்பது ரொம்பச் சாதாரணமான கேள்வி. நம் கண்ணின் விழித்திரை இருபரிமாணப் பரப்புதான். அதில் விழும் பிம்பமும் தட்டையானது. அப்புறம் ஒரு பொருள் கனமானது, முப்பரிமாணம் உள்ளது என்று நமக்கு எப்படித் தெரிகிறது?

ஒரு டம்ளரை எடுத்துப் பாருங்கள். நேர் மேலேயிருந்து பார்த்தால் வட்டம். கண் மட்டத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம். சாய்வாகப் பார்த்தால் வாய் நீள்வட்டமாகத் தெரியும், அடி தெரியாது. இதில் எது டம்ளர்? எதுவும் இல்லை. டம்ளரைச் சுற்றி வந்து, கையில் எடுத்துத் திருப்பி, ஒன்றன்பின் ஒன்றாக வந்த தட்டைப் படங்களை மனசு கோத்துக்கொள்கிறது. கோத்த கோவைக்குப் பெயர்தான் டம்ளர். புவான்கரே சொல்வது ஏறக்குறைய இதைத்தான். அதன்பிறகு அவர் ஒரு படி மேலே போகிறார். முப்பரிமாணப் பொருளைத் தட்டைப் பரப்பில் பல கோணங்களிலிருந்து வரைய முடிகிறது என்றால், நாற்பரிமாணப் பொருளையும் அதேபோல் பல கோணங்களிலிருந்து வரையலாம். அந்தப் படங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி மாறுகின்றன என்று பழகிக்கொண்டால், ஒரு அர்த்தத்தில் நாம் நான்காம் பரிமாணத்தை உருவகித்துவிட்டோம் என்கிறார்.

பல கோணப் படங்கள். ஒரே பொருள். இதைப் படிக்கிற எவருக்கும் கியூபிஸம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

இரண்டாவது புத்தகம், 1903-ல் எஸ்ப்ரி ஜூஃப்ரே என்பவர் எழுதிய 'நாற்பரிமாண வடிவியல் தொடக்கப் பாடநூல்'. இவர் பீரங்கிப்படை லெப்டினன்ட் கர்னல். புவான்கரே சொல்லோடு விட்டதை இவர் படமாகவே போட்டார். நாற்பரிமாண வடிவங்களின் நிழல் காகிதத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கோடு கோடாக, முக்கோணம் முக்கோணமாக, ஒன்றின் வழியே இன்னொன்று தெரியும்படி. அந்தப் படங்கள் சிலவற்றைப் பிகாஸோ 1910-ல் வரைந்த ஓவிய வணிகர் வோலாரின் உருவப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும். அதே கண்ணாடிச் சில்லு மாதிரியான பட்டைகள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர், இந்தத் துறையையே உருவாக்கிய லிண்டா டால்ரிம்பிள் ஹெண்டர்சன். 1983-ல் வந்த அவருடைய தடித்த புத்தகம் இல்லாவிட்டால் என் தப்பு எனக்குத் தெரிந்தே இருக்காது.

அந்த மனிதர் மொரீஸ் பிரேன்ஸே. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி. அதாவது யார் எத்தனை வயசில் மண்டையைப் போடுவார்கள் என்று கணக்குப் பார்த்துப் பிரீமியம் நிர்ணயிக்கிற வேலை. பிகாஸோ குடியிருந்த மோன்மார்த்ர் குன்றுப் பகுதியில், பழைய மரக்கட்டடமான 'பத்தோ லவுவா'வில் கூடும் கும்பலில் இவரும் ஒருவர். இவருடைய மனைவி ஆலிஸ் பிகாஸோவுக்கு முன்பே பழக்கம். 1907-ல் அந்த அம்மாள் இவரை விட்டுவிட்டு ஓவியர் தெரேனோடு போய்விட்டார். அப்படியும் மனுஷர் ஓவியர்களின் சகவாசத்தை விடவில்லை. இவர்தான் அவர்களுக்கு நாற்பரிமாணப் பாடம் எடுத்தவர், ஜூஃப்ரேயின் புத்தகத்தைக் காட்டியவர் என்பது பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. 'கியூபிஸத்தின் கணிதர்' என்று பட்டமே உண்டு.

ஆக கதை அழகாக முடிந்துவிட்டது போல இருக்கிறது. புவான்கரே எழுதினார், ஜூஃப்ரே படம் போட்டார், பிரேன்ஸே கொண்டுவந்தார், பிகாஸோ வரைந்தார். என் பழைய வரியில் ஐன்ஸ்டைனை எடுத்துவிட்டு பிரேன்ஸேயைப் போட்டால் சரியாகிவிடும்!

ஆகாது. 1910-ல், அதாவது விஷயம் சூடாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஓவியர் ழான் மெட்ஸாஞ்ஜே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பிகாஸோ, பிராக் இரண்டு பேர் வீட்டிலும் நுழைந்து பார்த்தவர் எழுதியது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். அதில் பிரேன்ஸே பெயர் வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். பிகாஸோ ஒரு சுதந்திரமான, நகரும் பார்வைக்கோணத்தை நிறுவியிருக்கிறார். அதிலிருந்து கெட்டிக்காரக் கணிதர் பிரேன்ஸே ஒரு முழு வடிவியலையே வருவித்திருக்கிறார் என்கிறார் மெட்ஸாஞ்ஜே. திரும்ப ஒருமுறை பாருங்கள். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது? கணக்கிலிருந்து ஓவியம் இல்லை. ஓவியத்திலிருந்து கணக்கு. ஓவியம் முதலில் வந்தது. ஆக்சுவரி பிறகு வந்து, 'அட, இது எனக்குத் தெரிந்த வடிவியல் மாதிரி இருக்கிறதே' என்றார்.

பிகாஸோவும் வாழ்நாள் முழுக்க மறுத்தார். 1923-ல் ஒரு பேட்டியில், கணிதம், திரிகோணமிதி, வேதியியல், உளப்பகுப்பாய்வு, சங்கீதம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கியூபிஸத்தோடு ஒட்டுகிறார்கள், வெறும் இலக்கியம் என்ற பொருளில் எரிந்து விழுந்தார். ஓவியர்கள் தங்களுக்குச் செல்வாக்குத் தந்தவர்களை மறுப்பது உலக வழக்கம். பிகாஸோ ஆப்பிரிக்கச் சிற்பத்தைக்கூட ஒரு சமயம் தெரியவே தெரியாது என்று சாதித்தவர்தான். அதனால் அவர் மறுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஓவியங்களைப் பார்த்தாலே ஒன்று தெரியும். 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தின் வலது கீழ் மூலையில் குந்தியிருக்கும் பெண், முதுகு நம் பக்கம், முகமும் நம் பக்கம். அங்கேயே பல கோணம் ஒரே உடம்பில் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருப்பது ட்ரொகாதேரோ அருங்காட்சியகத்தில் பார்த்த ஆப்பிரிக்க முகமூடிகளும், மேஜையையும் பழத்தட்டையும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்து வரைந்த செசானும். செசானைப் படிக்க ஆக்சுவரி தேவையில்லை.

சரி, கணக்கு காரணம் இல்லை என்றால் அந்த நான்காம் பரிமாணப் பேச்செல்லாம் வெட்டிப் பேச்சா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு பீரோ.

ஒரு காகிதத்தில் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவில் ஒரு காசு வையுங்கள். தட்டை எறும்புக்கு அந்தச் சதுரம் பூட்டிய அறை. அது வெளியே நின்றால் ஒரு சுவர்தான் தெரியும். சுற்றி வந்தால் அடுத்த சுவர். காசு தெரியவே தெரியாது. நமக்கு? நான்கு சுவரும் தெரிகிறது, உள்ளே காசும் தெரிகிறது, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பார்வையில். நாம் மாயம் ஒன்றும் செய்யவில்லை. எறும்புக்கு இல்லாத ஒரு திசையில் நிற்கிறோம், அவ்வளவுதான். இதையே ஒரு படி ஏற்றினால், நான்காம் பரிமாணத்தில் நிற்கும் ஆசாமிக்கு உங்கள் வீட்டு பீரோவின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பூட்டியிருக்கும் பீரோவுக்குள் மடித்துவைத்த துணியும் தெரியும். உங்கள் முகமும் பிடரியும் நுரையீரலும் சேர்த்தே தெரியும்.

கியூபிஸ்ட் ஓவியத்தில் நாம் பார்ப்பது அனேகமாக அதுதான் இல்லையா? நான்காம் பரிமாணப் பொருளை வரைந்த ஓவியம் இல்லை அது. சாதாரண டம்ளர், கிடார், பாட்டில், வியாபாரி. மூன்று பரிமாணத்துப் பொருள்கள்தான். ஆனால் பார்ப்பவன் நிற்கும் இடம்தான் வேறு. சுற்றி வந்து பார்க்கவேண்டியதை ஒரே பார்வையில் பார்க்கிற ஒரு இடம். புவான்கரே ஒன்றன்பின் ஒன்றாக என்று சொன்னதை இவர்கள் ஒரே சமயத்தில் ஆக்கினார்கள். பொருளுக்கு உள்ளேயும் பார்வை போனது. 1895-ல் ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்திருந்தார் என்பதை மறக்கவேண்டாம். தோலும் சதையும் கடைசி எல்லை இல்லை என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம்.

கறாரான கணித ஆசாமி இங்கே குறுக்கிடுவார். நாற்பரிமாணப் பார்வையாளனின் விழித்திரையே முப்பரிமாணமாக இருக்கும், தட்டைக் கேன்வாஸில் அதைப் போட முடியாது என்பார். சரிதான். ஓவியர்கள் கணக்குப் பரீட்சை எழுதவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் பிகாஸோ இல்லை, மெட்ஸாஞ்ஜேவின் 'தேநீர் வேளை'. 1911. சுமார் 76 சென்டிமீட்டர் உயரம், சின்னப் படம்தான். ஒரு பெண் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள், முன்னால் கோப்பை. கோப்பையை நடுவில் ஒரு கோடு பிளக்கிறது. ஒரு பாதி பக்கவாட்டிலிருந்து, மறுபாதி மேலேயிருந்து. பெண்ணின் முகமும் அப்படியே, பாதி நேர்முகம், பாதி பக்கமுகம். பிகாஸோவின் வோலாரைப் போல நம்மைத் திணறடிக்காமல், பாடப்புத்தகப் படம் மாதிரி தெளிவாக விஷயத்தைச் சொல்லும். கொஞ்சம் அதிகமாகவே தெளிவு. எனக்கு அந்த ஓவியம் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார் என்பது உண்மை.

நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்தக் கோஷ்டிதான். பிகாஸோவும் பிராக்கும் பெரிய பொதுக் கண்காட்சிகளில் படம் வைக்காமல், எதுவும் எழுதாமல் இருந்தார்கள். மெட்ஸாஞ்ஜே, க்ளேஸ், லெஜே போன்றவர்கள்தான் பொதுஜனம் முன்னால் படத்தை வைத்துத் திட்டு வாங்கியவர்கள். திட்டு வாங்குகிறவனுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. கவிஞர் அப்போலினேர் 1911-ல் ஒரு உரையிலும் பிறகு 1913-ல் புத்தகத்திலும் நான்காம் பரிமாணத்தைக் கியூபிஸத்தின் கொடியாகவே பிடித்தார். அதுவும் எப்படி? நவீன ஸ்டூடியோக்களின் பேச்சுவழக்கில் நான்காம் பரிமாணம் என்று அழைக்கப்படுவது என்கிற மாதிரி. ஓவியர்களுக்குள் புழங்கிய குழூஉக்குறி அது. எல்லாத் திசையிலும் விரியும் அளவற்ற வெளி என்ற அர்த்தத்தில் கொஞ்சம் கவிதை, கொஞ்சம் கணக்கு. அதே புத்தகத்தில் அவரே இது ஒரு கற்பனாவாதச் சொல்தான், இனி வரலாற்று ஆர்வத்துக்கு மேல் இதற்கு மதிப்பில்லை என்கிற பாணியிலும் எழுதிவிடுகிறார்.

1912-ல் க்ளேஸும் மெட்ஸாஞ்ஜேவும் சேர்ந்து எழுதிய 'கியூபிஸம் குறித்து' என்ற நூலில் ரீமானின் பெயர் வருகிறது. ஓவியரின் வெளியை ஏதாவது வடிவியலோடு சேர்க்கவேண்டுமென்றால் யூக்ளிடுக்கு மாறானவர்களிடம் போகவேண்டும், ரீமானின் சில தேற்றங்களைப் படிக்கவேண்டும் என்கிறார்கள். எந்தத் தேற்றம் என்று சொல்லவில்லை. வளைந்த வெளியும் நான்காம் பரிமாணமும் வேறு வேறு சமாச்சாரம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் 1912-ல் அவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். ரெனைஸான்ஸ் காலத்திலிருந்து நானூறு வருஷமாக, ஒற்றைக் கண், ஒரே இடத்தில் அசையாமல் நின்று பார்க்கும் பெர்ஸ்பெக்டிவ்தான் சரியான பார்வை, அதுதான் அறிவியல் என்று சொல்லித்தந்திருக்கிறார்கள். அதை மீறுகிறவன் வரையத் தெரியாதவன். அப்போது கணிதத்தின் உச்சியிலிருந்தே ஒரு செய்தி வருகிறது: யூக்ளிடின் வடிவியல் பல வடிவியல்களில் ஒன்றுதான், எதை எடுத்துக்கொள்வது என்பது வசதியைப் பொறுத்தது. இதைச் சொன்னதும் புவான்கரேதான். தேற்றம் புரியாவிட்டால் என்ன, கதவு திறந்திருக்கிறது என்பது புரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் நான்காம் பரிமாணம் கியூபிஸ்ட்டுகளுக்குச் செய்முறைக் குறிப்பாக உதவவில்லை. அனுமதிச் சீட்டாக உதவியது.

ஒரே ஒருவர் மட்டும் கணக்கை நிஜமாகவே உட்கார்ந்து போட்டார். அவர் கியூபிஸத்தை விட்டுப் போனவர்.

மார்ஸெல் துஷாம் வீட்டில் கடைக்குட்டிச் சகோதரன். இரண்டு அண்ணன்களும் கலைஞர்கள். பாரிஸுக்கு வெளியே பியூத்தோவில் அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடும் கியூபிஸ்ட் சபையில் பிரேன்ஸேயும் வந்து பேசுவார். துஷாம் 1912-ல் 'படியிறங்கும் நிர்வாணம்' வரைந்தார். அதில் அசைவு, காலம் எல்லாம் உண்டு. ஆனால் அது வந்தது மரே போன்றவர்கள் எடுத்த தொடர் புகைப்படங்களிலிருந்து. நான்காம் பரிமாணத்திலிருந்து இல்லை. அந்தப் படத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, எடுத்துவிடச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை, கியூபிஸ்ட்டுகளேதான். அண்ணன்கள் வந்து தயங்கித் தயங்கிச் செய்தி சொன்னார்கள். துஷாம் மறுபேச்சுப் பேசாமல் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு எந்தக் கோஷ்டியிலும் சேரவில்லை.

அடுத்த வருஷம் பாரிஸில் ஸெயின்ட் ஜெனவியேவ் நூலகத்தில் சின்ன உத்தியோகத்தில் உட்கார்ந்தார். பழைய பெர்ஸ்பெக்டிவ் நூல்களைப் படித்தார். புவான்கரேயையும் ஜூஃப்ரேயையும் படித்தார். பிரேன்ஸே காட்டினாரா, பிகாஸோ பார்த்தாரா என்றெல்லாம் இங்கே ஊகம் வேண்டாம். துஷாமின் குறிப்புகளில் ஜூஃப்ரேயின் பெயர் அவர் கைப்படவே இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டது ஒரு எளிய வரிசை. முப்பரிமாணப் பொருளின் நிழல் சுவரில் விழுந்தால் இருபரிமாணம். அப்படியானால் நாற்பரிமாணப் பொருளின் நிழல் முப்பரிமாணமாக இருக்கும். ஆக நாம் தினம் தொட்டுப் புழங்கும் பொருள்கள் எல்லாம் நாம் காணாத எதனுடைய நிழல்களோ?

இதை அவர் ஓவியமாக வரையவில்லை. 1915 முதல் 1923 வரை எட்டு வருஷம் நியூயார்க்கில் இரண்டு பெரிய கண்ணாடிப் பலகைகளில் வேலை செய்தார். ஈயக் கம்பி, எண்ணெய் வண்ணம், தூசி. மொத்தம் 2.77 மீட்டர் உயரம். 'பெரிய கண்ணாடி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கீழ்ப்பாதியில் பிரம்மச்சாரிகளின் இயந்திரம். அதற்குப் பழைய பள்ளிக்கூட பெர்ஸ்பெக்டிவ், அளவெடுத்துப் போட்டது. அவர்கள் மூன்று பரிமாணத்தில் மாட்டிக்கொண்டவர்கள். மேல்பாதியில் மணமகள், அளவுக்கும் கோணத்துக்கும் அகப்படாத ஒரு உருவம். நாற்பரிமாண மணமகளின் நிழலுடைய நிழல். கீழே இருப்பவர்களால் மேலே போகவே முடியாது. நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒரு பரிமாணம். எறும்புக் கதையைத்தான் சொல்கிறார், ஆனால் எறும்பு நாம்.

கியூபிஸ்ட்டுகள் நான்காம் பரிமாணத்தில் ஏறி நின்று பார்ப்பதாக நினைத்தார்கள். துஷாம் நம்மைக் கீழேயே நிற்கவைத்துவிட்டார். கணக்கை ஒழுங்காகப் போட்டவருக்குக் கிடைத்த விடை அது.

1919-க்குப் பிறகு சொல் கைமாறியது. செய்தித்தாள்களில் நான்காம் பரிமாணம் என்றால் ஐன்ஸ்டைன், ஐன்ஸ்டைன் என்றால் காலம் என்று ஆகிவிட்டது. ஹிண்டனின் கட்டைகளையும் ஜூஃப்ரேயின் படங்களையும் எல்லோரும் மறந்தார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் அந்தச் சொல்லைப் பார்த்தவர்கள் புது அர்த்தத்தை அதன்மேல் ஏற்றிப் படித்தார்கள். நானும் அப்படித்தான் படித்து, மைக்கில் சொன்னேன்.

மெட்ஸாஞ்ஜேவின் கோப்பை, படியிறங்கும் நிர்வாணம், பெரிய கண்ணாடி மூன்றும் இப்போது அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. கண்ணாடியில் மட்டும் மூலைக்கு மூலை விரிசல் ஓடியிருக்கும். 1926-ல் தொடங்கிய புரூக்ளின் கண்காட்சி முடிந்து லாரியில் திரும்பி வரும்போது இரண்டு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்ததில் உடைந்தது. அது பல வருஷம் கழித்துத்தான் துஷாமுக்குத் தெரிந்தது. 1936-ல் மாதக்கணக்கில் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டினார். விரிசல்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன என்றார்.